அருங்காட்சியகத்துக்குள் ஒரு கலைப்படைப்பு எப்படி வந்து சேர்கிறது? முழுமையான வழிகாட்டி

கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தின் வரலாற்றில் இரண்டு கொள்முதல்கள் உண்டு. 1973-ல் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் ‘புளூ போல்ஸ்’ என்ற அருவ ஓவியத்தை 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கினார்கள். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. குடிபோதையில் கிறுக்கியதற்கா மக்களின் வரிப்பணம் என்று நாடே கேட்டது. 2008-ல் சோழர் காலத்து நடராஜர் திருமேனி ஒன்றை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கினார்கள். அதன் அழகைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இன்று பொல்லாக் ஓவியம் அந்தக் கலைக்கூடத்தின் அடையாளம். நடராஜர் அங்கே இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டவர் அவர் என்று தெரியவந்து, 2014-ல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார்.

இரண்டையும் தேர்ந்தெடுத்த கண்ணில் குறையில்லை. வித்தியாசம் காகிதத்தில் இருந்தது. முதல் ஓவியம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது தெளிவாக இருந்தது, விலையும் ஒளிக்கப்படவில்லை. இரண்டாவதோடு வந்த ஆவணங்கள் பொய். ஒரு படைப்பு அருங்காட்சியகத்துக்குள் வருவதில் ரசனைக்கு உள்ள பங்கு வெளியிலிருந்து தெரிவதைவிடக் குறைவு. மீதியெல்லாம் கேள்வி கேட்பதும், சரிபார்ப்பதும், எழுதி வைப்பதும், பல நேரம் ‘வேண்டாம்’ என்று சொல்வதும்தான். அந்த வேலை நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம்.

1. எதைச் சேர்ப்பது என்று முதலில் எழுதி வைப்பது

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவரின் சேகரிப்பிலிருந்து பிறந்தது. 1753-ல் அவர் இறந்தபோது சுமார் 71,000 பொருட்கள் இருந்தன: புத்தகம், நாணயம், உலர்ந்த செடி, சங்கு, இன்னும் என்னென்னவோ. வாரிசுகளுக்கு 20,000 பவுண்டு கொடுத்து நாடாளுமன்றம் அதை எடுத்துக்கொண்டது. அந்தப் பணம் லாட்டரிச் சீட்டு விற்றுத் திரட்டப்பட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் சேர்ப்பது அந்தக் காலத்துக்குச் சரி. இன்று அப்படிச் செய்தால் பத்தே வருடத்தில் கிடங்கு நிரம்பிவிடும்.

அதனால் ஒழுங்காக நடக்கும் எந்த அருங்காட்சியகத்திலும் சேகரிப்புக் கொள்கை என்று ஒரு ஆவணம் இருக்கும். எந்தக் காலம், எந்தப் பகுதி, எந்த வகைப் படைப்பு, யார் முடிவெடுப்பது, எந்தச் சூழலில் ஒன்றை வெளியேற்றலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். ஆனால் தினசரி வேலைக்கு அதிகம் உதவுவது ‘எதைச் சேர்க்க மாட்டோம்’ என்ற பகுதிதான். செல்வாக்குள்ள ஒருவர் தாத்தா சேர்த்த முந்நூறு கடிகாரங்களைத் தர வந்தால், இயக்குநரால் முகத்துக்கு நேரே மறுக்க முடியாது. கொள்கையைக் காட்டி மறுக்கலாம், யாருக்கும் மனத்தாங்கல் வராது.

கொள்கைக்கு அடுத்தது ஓட்டைப் பட்டியல். காப்பாட்சியர் (ஒரு பிரிவின் சேகரிப்புக்குப் பொறுப்பானவர்) தன் பிரிவில் ஏற்கெனவே உள்ளதை உட்கார்ந்து கணக்கெடுப்பார். ஒரு இருபது வருடத்துக்கான அச்சோவியங்கள் குவிந்திருக்கும், அதற்குப் பிறகு வெறுமை. ஆண் ஓவியர்கள் வரிசையாக இருப்பார்கள், அதே குழுவில் இயங்கிய பெண்கள் ஒருவர்கூட இருக்க மாட்டார். பக்கத்து ஊர் அருங்காட்சியகம் எதில் பலமாக இருக்கிறது என்பதையும் பார்ப்பார், ஏனென்றால் அதையே நாமும் வாங்கிக் குவிப்பதில் பொருளில்லை. இதிலிருந்து தேவைப் பட்டியல் பிறக்கும். அதில் உள்ள ஒரு குறிப்பிட்ட ஓவியம் யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று நல்ல காப்பாட்சியருக்குத் தெரிந்திருக்கும். அந்த வீட்டாரைக் கண்காட்சித் திறப்புகளுக்கு அழைப்பார், அவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவார், ஒரு வார்த்தை கேட்காமல் வருடக்கணக்கில் காத்திருப்பார். இந்தப் பொறுமைதான் பெரிய சேகரிப்புகளைக் கட்டியிருக்கிறது என்பது என் கருத்து.

2. படைப்பு வரும் வழிகள்

ஏல மண்டபத்தில் சுத்தியல் விழும் காட்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு அது அரிதான வழி. 2017-ல் லியனார்டோவின் பெயரில் விற்கப்பட்ட ‘சால்வத்தோர் முந்தி’ 45 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஆட்டத்தில் பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனம் எதுவும் நிற்க முடியாது. ஏலத்தில் இறங்குவதென்றாலும் உச்சவரம்பை முன்கூட்டியே குழு நிர்ணயித்துவிடும். பெரும்பாலும் ஒரு முகவர் வழியாகவோ தொலைபேசியிலோதான் கேட்பார்கள். அருங்காட்சியகமே கை தூக்குகிறது என்று தெரிந்தால் மற்றவர்களும் தைரியமாக விலையை ஏற்றுவார்கள்.

இதைவிட நிதானமானது ஓவியம் விற்கும் தனியார் கலைக்கூடங்கள், டீலர்கள் வழியாக வாங்குவது. படைப்பைச் சில மாதம் ஒதுக்கி வைக்கச் சொல்லலாம், வரவழைத்துப் பரிசோதிக்கலாம், தவணை கேட்கலாம். அருங்காட்சியகத்தில் இடம்பெறுவது ஓவியரின் மதிப்பை உயர்த்தும் என்பதால் டீலர்கள் விலையைக் குறைத்தும் தருவார்கள். அந்தத் தள்ளுபடிக்குள் ஒரு வணிகக் கணக்கும் இருக்கிறது, அதைக் காப்பாட்சியர் மறக்கக் கூடாது.

தனியாக முடியாதபோது கூட்டுச் சேர்வதும் உண்டு. ரெம்பிராண்ட் வரைந்த ஒரு தம்பதியின் இரு முழுவுருவ ஓவியங்களை 2016-ல் நெதர்லாந்தும் பிரான்சும் ஆளுக்கு 8 கோடி யூரோ போட்டு வாங்கின. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலும் பாரிஸின் லூவரிலும் அவை மாறி மாறித் தொங்குகின்றன, தம்பதியைப் பிரிப்பதில்லை. 2023-ல் ஜோஷுவா ரெனால்ட்ஸின் ‘மாய்’ ஓவியத்தை லண்டன் தேசிய உருவப்படக் கூடமும் லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகமும் 5 கோடி பவுண்டுக்குச் சேர்ந்து வாங்கின. பொதுமக்களிடம் கையேந்துவது இன்னொரு வழி. 2010-ல் லூவர் அருங்காட்சியகம் கிரானாக்கின் சிறிய ஓவியம் ஒன்றுக்காகப் பணம் கேட்டபோது சுமார் 7,000 பேர் சேர்ந்து 10 லட்சம் யூரோ கொடுத்தார்கள்.

சரி, நன்கொடைக்கு வருவோம். உலகின் பல அருங்காட்சியகங்களில், அதிலும் அமெரிக்காவில், சேகரிப்பின் பெரும்பகுதி யாரோ கொடுத்ததுதான். கொடுப்பவர் கோடீசுவரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஹெர்பர்ட் வோகல் நியூயார்க்கில் அஞ்சல் ஊழியர், மனைவி டோரதி நூலகர். மனைவியின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது, கணவரின் சம்பளத்தில் ஓவியம் வாங்கினார்கள். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஆயிரக்கணக்கான படைப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். 1992-ல் அவை வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குப் போகத் தொடங்கின. அந்த இடத்தை அவர்கள் தேர்ந்தெடுத்த காரணமும் நேர்த்தியானது: அங்கே நுழைவுக்கட்டணம் இல்லை, சேகரிப்பை விற்பதும் இல்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அருங்காட்சியகம் நேர்மாறாக, பல்லைத்தான் முதலில் பார்க்கும், ஏனென்றால் நன்கொடையோடு நிபந்தனையும் வரும். ‘என் சேகரிப்பு எப்போதும் ஒரே அறையில் இருக்க வேண்டும்’, ‘எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும்’, ‘ஒன்றைக்கூட இரவல் தரக் கூடாது’. ஒப்புக்கொண்டால் அடுத்த நூறு வருடத்துக்குக் கை கட்டப்பட்டுவிடும். பாஸ்டனில் இசபெல்லா ஸ்டுவர்ட் கார்ட்னர், தான் அடுக்கி வைத்த ஒழுங்கை மாற்றக் கூடாது என்று உயில் எழுதி 1924-ல் இறந்தார். 1990-ல் அங்கிருந்து 13 படைப்புகள் திருடுபோயின. ஓவியங்கள் வெட்டி எடுக்கப்பட்ட வெறும் சட்டங்கள் இன்றும் அதே சுவரில் தொங்குகின்றன.

இதற்கு எதிர்முனையில் லில்லி பிளிஸ். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1931-ல் இறந்தபோது தன் சேகரிப்பை உயிலில் எழுதி வைத்தார். தேவைப்பட்டால் விற்றோ மாற்றியோ வேறு நல்லதை வாங்கிக்கொள்ளலாம் என்று இடம்விட்டிருந்தார். பிக்காசோவின் ‘அவீன்யோன் பெண்கள்’ 1939-ல் வந்ததும், வான் கோவின் ‘விண்மீன் இரவு’ 1941-ல் வந்ததும் அந்த இடைவெளி வழியாகத்தான். கொடுப்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய உதாரணம் இது.

வரிக்குப் பதில் கலைப்படைப்பைக் கொடுப்பதும் சில நாடுகளில் உண்டு. பிரான்ஸ் 1968-ல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. 1973-ல் பிக்காசோ இறந்ததும் வாரிசுகள் கட்ட வேண்டிய வாரிசுரிமை வரிக்கு ஈடாக அவருடைய படைப்புகளை அரசு எடுத்துக்கொண்டது. 1985-ல் திறக்கப்பட்ட பாரிஸ் பிக்காசோ அருங்காட்சியகம் அப்படி உருவானது. அமெரிக்காவில் சேகரிப்பாளர் ஓவியத்தை நன்கொடையாகக் கொடுத்தால் சந்தை மதிப்புக்கு வரிச்சலுகை கோரலாம். அதை வரைந்த ஓவியரே கொடுத்தால், 1969-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, துணிக்கும் சாயத்துக்கும் ஆன செலவுக்கு மட்டும்தான் சலுகை. நியாயமே இல்லை, ஆனால் இன்றும் நிலைமை அதுதான்.

அகழாய்வில் கிடைப்பது, ஓவியரிடம் புதிதாகச் செய்யச் சொல்லி வாங்குவது, மற்ற அருங்காட்சியகத்திலிருந்து மாற்றிக்கொள்வது என்று வேறு வழிகளும் உண்டு. நீண்டகால இரவலாக வரும் படைப்பு மட்டும் சேகரிப்பில் சேராது. அது பத்து வருடம் சுவரில் தொங்கினாலும் விருந்தாளிதான்.

3. முன்மொழிவு எழுதுவது

ஒரு படைப்பு கண்ணில் பட்டதும் காப்பாட்சியர் இயக்குநரிடம் ஓடுவதில்லை. முன்மொழிவு ஒன்று எழுத வேண்டும். சில பக்கங்கள் போதும், ஆனால் அந்தச் சில பக்கங்களுக்குப் பல மாத உழைப்பு தேவைப்படும். படைப்பு என்ன, யார் செய்தது, அந்த ஓவியரின் மற்ற படைப்புகளோடு ஒப்பிட்டால் தரம் எப்படி, ஏற்கெனவே உள்ள எதோடு சேர்த்து மாட்டலாம், இதே பணத்துக்கு இதைவிட நல்லது கிடைக்குமா, விலை நியாயமா, எங்கே வைப்பது, பராமரிக்க எவ்வளவு ஆகும்.

கடைசி இரண்டையும் பலர் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது ஆபத்து. நீர்வண்ண ஓவியத்தையோ பழைய புகைப்படத்தையோ 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சத்தில், சில மாதம் மட்டும்தான் காட்டலாம், அப்புறம் இருட்டில் ஓய்வு கொடுக்க வேண்டும். அதை ‘நிரந்தரக் காட்சிக்கு’ என்று எழுதி வாங்குவது அர்த்தமற்றது. இடமும் அப்படித்தான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 80 லட்சம் பொருட்கள் உள்ளன, ஒரு நேரத்தில் மக்கள் பார்க்க முடிவது சுமார் 80,000. வாங்கும் பெரும்பாலான பொருட்கள் வாழ்நாளில் அதிக காலத்தைக் கிடங்கில்தான் கழிக்கும்.

4. யார் கையில் இருந்தது? ஆற அமரப் பார்க்க வேண்டிய கட்டம்

இந்தப் படி எல்லாவற்றிலும் முக்கியமானது. படைப்பு உருவான நாளிலிருந்து இன்றுவரை யார் யார் கையில் இருந்தது என்ற சங்கிலிதான் உடைமை வரலாறு. ஒவ்வொரு கண்ணிக்கும் ஆதாரம் வேண்டும்: ரசீது, கடிதம், ஏலப் பட்டியல், கண்காட்சிக் குறிப்பேடு, பழைய புகைப்படம், ஏற்றுமதி அனுமதி.

ஓவியமென்றால் முதல் வேலை அதைத் திருப்பிப் பார்ப்பது. முன்பக்கம் ஓவியர் பேசுவார், பின்பக்கம் உரிமையாளர்கள் பேசுவார்கள். கலைக்கூடங்களின் ஒட்டுச்சீட்டு, சுங்கத் துறை முத்திரை, ஏல நிறுவனம் அச்சிட்ட எண், சட்டம் செய்தவரின் பெயர், யாரோ பென்சிலில் எழுதிய சரக்கு எண் என்று எல்லாமே தடயம். ஒரு ஒட்டுச்சீட்டு சுரண்டி எடுக்கப்பட்டிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

இரண்டு காலகட்டங்களைத் தனியாகத் தோண்டுவார்கள். ஒன்று 1933 முதல் 1945 வரை, ஐரோப்பாவில் நாஜிகள் யூதக் குடும்பங்களிடமிருந்து கலைப்பொருட்களைப் பறித்த காலம். 1998-ல் 44 நாடுகள் வாஷிங்டனில் கூடி இதற்கான கோட்பாடுகளை ஏற்றன. அந்தப் பன்னிரண்டு வருடங்களில் ஓவியம் எங்கிருந்தது என்று தெரியவில்லையென்றால் மேலே போகக் கூடாது. இன்னொன்று 1970. பண்பாட்டுப் பொருட்களின் சட்டவிரோத வணிகத்துக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை அந்த வருடம் வந்தது. தொல்பொருளென்றால், அது 1970-க்கு முன்பே தாய்நாட்டைவிட்டு வெளியேறியதற்கோ அதற்குப் பின் முறையான அனுமதியோடு வெளியேறியதற்கோ சான்று கேட்பது இன்று பெரிய அருங்காட்சியகங்களில் வழக்கம்.

இந்த வழக்கம் சூடுபட்ட பிறகு வந்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972-ல் யூஃப்ரோனியோஸ் என்ற பண்டைய ஓவியர் வரைந்த கிரேக்கக் கலயம் ஒன்றை 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. பெய்ரூட்டில் ஒரு குடும்பத்திடம் நெடுநாள் இருந்தது என்றார்கள். 1995-ல் ஜெனீவாவில் ஒரு டீலரின் கிடங்கைச் சோதனையிட்டபோது, மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பொருட்களின் போலராய்டு படங்கள் குவியலாகச் சிக்கின. போலராய்டு கேமரா பரவலானது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். மண்ணோடு ஒரு பாத்திரம் அந்தப் படத்தில் இருந்தால் அது எப்போது தோண்டப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? கலயம் 2008-ல் இத்தாலிக்குத் திரும்பியது.

ஸ்ரீபுரந்தான் நடராஜரைக் காட்டிக்கொடுத்ததும் புகைப்படம்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த படங்களில், அந்தத் திருமேனி தன் கோயிலிலேயே இருந்தது பதிவாகியிருந்தது. அது பல காலத்துக்கு முன்பே நாட்டைவிட்டு முறையாக வெளியேறியது என்று விற்றவர் தந்த ஆவணங்கள் அந்த ஒரு படத்தின் முன் நிற்கவில்லை. விற்ற நியூயார்க் டீலர் சுபாஷ் கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதானார், 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

ஆவணம் இருக்கிறது என்பதும் ஆவணம் உண்மையானது என்பதும் வேறு வேறு. கெட்டி அருங்காட்சியகம் 1985-ல் ‘கூரோஸ்’ எனப்படும் பழங்கால கிரேக்க இளைஞன் சிலை ஒன்றை வாங்கியது. கற்களை ஆராய்ந்த நிபுணர் பழமையானது என்றார். கூடவே ஒரு கட்டுக் கடிதங்களும் வந்தன. 1952 என்று தேதியிட்ட கடிதத்தில் ஒரு அஞ்சல் குறியீட்டு எண் இருந்தது. அந்த எண் 1972-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. 1955 தேதியிட்ட இன்னொரு கடிதத்தில் ஒரு வங்கிக் கணக்கு எண். அந்தக் கணக்கு திறக்கப்பட்டது 1963-ல். சிலையின் அடையாளச் சீட்டில் ‘கிரேக்கம், சுமார் கி.மு. 530, அல்லது நவீனப் போலி’ என்றே பல வருடம் எழுதி வைத்திருந்தார்கள். பிறகு 2018-ல் காட்சியிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆகவே கடிதத்தைப் படிப்பதோடு நிறுத்தாமல், கடிதத்தாளையும், தட்டச்சு எழுத்தையும், முகவரியையும், அந்தக் காலத்தில் அந்த ஆள் உண்மையில் அந்த ஊரில் இருந்தாரா என்பதையும் சரிபார்க்க வேண்டும். திருடுபோன கலைப்பொருட்களுக்கான இன்டர்போல் தரவுத்தளத்திலும், ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் போன்ற தனியார் பதிவேடுகளிலும் தேட வேண்டும். ஆனால் இவற்றில் பெயர் இல்லையென்றால் பொருள் சுத்தம் என்று நினைப்பது ஏமாளித்தனம். திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்ததை யார் போய்ப் புகார் கொடுத்திருக்க முடியும்? ‘ஒரு சுவிஸ் தனியார் சேகரிப்பு’, ‘பரம்பரைச் சொத்து’ என்ற பொத்தாம் பொதுவான சொற்கள், அவசரப்படுத்தும் விற்பனையாளர், சந்தையைவிடக் குறைந்த விலை, மண் ஒட்டிய பொருள், புத்தம் புதிதாக உடைந்த பாதம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கோப்பை மூடிவைப்பது நல்லது.

5. பொருளைப் பரிசோதிப்பது

படைப்புகள் சிதையாமல் பராமரிக்கும் வல்லுநர் இப்போது உள்ளே வருவார். படைப்பை நேரில் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது விபரீதம். பக்கவாட்டிலிருந்து விளக்கடித்தால் துணியின் மேடு பள்ளமும் உரிந்துவரும் சாயமும் தெரியும். புற ஊதா ஒளியில் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிற்காலத்தில் யாரோ தீட்டிச் சரிசெய்த இடங்கள் கறுத்துத் தெரியும். எக்ஸ்ரேயில் அடியில் மறைந்த ஓவியம்கூடத் தெரியலாம். கண்டதெல்லாம் நிலை அறிக்கையில் படத்தோடு ஏறும். பின்னால் ஒரு கீறல் தெரியும்போது, அது வாங்குமுன் இருந்ததா நாம் போட்டதா என்ற சண்டையை அந்த அறிக்கைதான் தீர்க்கும்.

மரமோ துணியோ தோலோ என்றால் நேராகக் கிடங்குக்குள் போக முடியாது. தனியறையில் வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகமிருந்தால் நன்றாக உறையிட்டு மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் சில நாள் உறைய வைப்பார்கள். குளிர் தாங்காத பொருளுக்கு ஆக்சிஜன் இல்லாத கூடாரம். ஒரு பொருளோடு வரும் துணிப்பூச்சி கிடங்கு முழுக்கப் பரவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தவர்கள் இந்தத் தாமதத்துக்கு அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.

6. குழுவின் முன்

முன்மொழிவு, உடைமை வரலாறு, நிலை அறிக்கை, விலை பற்றிய கருத்து எல்லாம் சேர்ந்து கொள்முதல் குழுவுக்குப் போகும். பல இடங்களில் சிறிய தொகைக்கு இயக்குநரே ஒப்புதல் தரலாம், பெரிய தொகைக்கு அறங்காவலர் குழு, அதற்கும் மேல் அரசு. ‘புளூ போல்ஸ்’ விஷயத்தில் இயக்குநரின் வரம்பு 10 லட்சம் டாலர். விலை அதைத் தாண்டியதால் கோப்பு பிரதமர் கஃப் விட்லாம் மேசைக்குப் போனது. அவர் ஒப்புதல் கொடுத்ததோடு, விலையையும் வெளியே சொல்லச் சொன்னார். அரசியலில் அது அவருக்கு வசதியாக இருக்கவில்லை. ஆனால் பொதுப்பணத்தில் வாங்கும் எவருக்கும் அதைவிட நல்ல வழக்கம் இல்லை.

குழுவில் சேகரிப்பாளர்களும் இருப்பார்கள். தான் வீட்டில் வைத்திருக்கும் ஓவியரின் படைப்பை அருங்காட்சியகம் வாங்க வேண்டும் என்று ஒருவர் வாதாடினால், அதில் அவருக்கே லாபம் இருக்கிறது. அந்த விவாதத்தின்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டும். போனார் என்று குறிப்பேட்டிலும் எழுத வேண்டும்.

7. கையெழுத்து

விலைக்கு வாங்கினால் ரசீதும், உரிமை தன்னுடையதே என்று விற்பவர் தரும் உறுதிமொழியும் வேண்டும். நன்கொடையென்றால் நன்கொடைப் பத்திரம், இருவர் கையெழுத்தோடு. வாய்மொழியாகக் கொடுத்ததை மகனோ பேரனோ இருபது வருடம் கழித்துத் திருப்பிக் கேட்டு வருவது நடக்கிற கதைதான்.

பலர் கவனிக்காத ஒன்று பதிப்புரிமை. ஓவியத்தை வாங்கியதால் அதன் பதிப்புரிமை வந்துவிடாது. பல நாடுகளில் அது ஓவியரிடமோ வாரிசுகளிடமோதான் இருக்கும். இணையதளத்தில் படம் போடவும், அஞ்சலட்டை அச்சிடவும் தனியாக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

சமகாலக் கலையில் இந்தக் கட்டம் சுவாரசியமாகிவிடுகிறது. மவுரிசியோ கட்டெலானின் ‘காமெடியன்’ என்பது சுவரில் டேப் போட்டு ஒட்டிய ஒரு வாழைப்பழம். 2020-ல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு அதன் ஒரு பிரதி நன்கொடையாக வந்தது. வந்தது பழமல்ல, சான்றிதழும் 14 பக்கக் குறிப்பும். தரையிலிருந்து 175 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்ட வேண்டும், 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை பழத்தை மாற்ற வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. டினோ செகல் இன்னும் ஒரு படி மேலே. மனிதர்கள் நடத்தும் அவருடைய படைப்பு ஒன்றை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2008-ல் வாங்கியபோது எழுத்தில் எதுவும் இல்லை. நோட்டரி முன்னிலையில் வாய்மொழி ஒப்பந்தம். எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பதிவாளருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

வீடியோ, மென்பொருள் படைப்புகளுக்கு ஓவியரை உட்காரவைத்து இப்போதே கேட்டுவிட வேண்டும்: இந்தத் திரை வழக்கொழிந்தால் வேறு திரையில் காட்டலாமா? கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றலாமா? ஒலி குறைந்தால் பரவாயில்லையா? ஓவியர் இல்லாத காலத்தில் இந்தப் பேட்டிதான் கைகொடுக்கும்.

8. எண் கொடுப்பது

படைப்பு கட்டடத்துக்குள் நுழைந்ததும் தற்காலிக எண் ஒன்றும் வரவுச் சீட்டும். ஒப்பந்தம் முடிந்ததும் நிரந்தரச் சேர்க்கை எண். பெரும்பாலும் மூன்று பகுதி: வந்த வருடம், அந்த வருடத்தில் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள். 2024.15.3 என்றால் 2024-ல் வந்த பதினைந்தாவது வரவின் மூன்றாவது பொருள். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது, பொருள் போய்விட்டாலும்.

பொருளிலேயே எண்ணை எழுதுவதற்கும் முறை உண்டு. கண்ணில் படாத, ஆனால் கையில் எடுத்ததும் தேடிப்பிடிக்கக்கூடிய இடத்தில் பாரலாய்ட் பி-72 என்ற பிசினை மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. தேவைப்பட்டால் கரைத்து எடுத்துவிடலாம். துணிக்கு எண் எழுதிய நாடாவைத் தைப்பார்கள். காகிதத்துக்கு மென்மையான பென்சில். பசை டேப்பை எதிலும் ஒட்டக் கூடாது.

அப்புறம் புகைப்படம், அளவு, எடை, காப்பீட்டு மதிப்பு, எந்த அறையில் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்ற இருப்பிடக் குறிப்பு. இந்தச் சலிப்பூட்டும் வேலையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை 2023 காட்டியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 2,000 பொருட்கள் காணாமல் போயும் சேதப்பட்டும் இருப்பது அப்போது வெளிவந்தது. அவற்றில் நிறைய, முறையாகப் பட்டியலிடப்படாத சிறு நகைக்கற்கள். பட்டியலில் இல்லாத பொருள் தொலைந்தால் தொலைந்தது என்று நிரூபிப்பதே பெரும்பாடு. படமும் இல்லையென்றால் சந்தையில் அது கண்முன் விற்பனைக்கு வந்தாலும் ‘எங்களுடையது’ என்று சொல்ல முடியாது.

9. வெளியேற்றுவதும் சேகரிப்பின் பகுதிதான்

இரட்டைப் பிரதி, திருத்த முடியாத அளவுக்கு அழிந்தது, போலி என்று உறுதியானது, கொள்கைக்குப் பொருந்தாதது, திருடப்பட்டது என்று தெரிந்தது: இவற்றை வெளியேற்றலாம். வாங்கும்போது நடந்த எல்லாப் படிகளும் தலைகீழாக நடக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போன்ற சில இடங்களில் சட்டமே கையைக் கட்டியிருக்கிறது, 1963-ன் சட்டப்படி மிகச் சில காரணங்களுக்காக மட்டுமே வெளியேற்ற முடியும்.

சர்ச்சை எழுவது விற்ற பணத்தை என்ன செய்வது என்பதில். அமெரிக்க அருங்காட்சியக இயக்குநர்களின் சங்கம் நெடுநாள் வைத்திருந்த விதி, அந்தப் பணத்தில் வேறு படைப்பு மட்டும்தான் வாங்கலாம் என்பது. 2022-ல் அதைத் தளர்த்தி, சேகரிப்பை நேரடியாகப் பராமரிக்கும் செலவுக்கும் அனுமதித்தார்கள். 2017-ல் பெர்க்‌ஷயர் அருங்காட்சியகம் கட்டடச் செலவுக்கும் நிதி ஆதாரத்துக்கும் நார்மன் ராக்வெல் ஓவியங்கள் உள்ளிட்டவற்றை விற்கக் கிளம்பியபோது நீதிமன்றம்வரை போனது. பால்டிமோர் கலை அருங்காட்சியகம் 2018-ல் சில படைப்புகளை விற்று, பெண்கள், வெள்ளையரல்லாத கலைஞர்கள் ஆகியோரின் படைப்புகளை வாங்கியபோது பலர் ஆதரித்தார்கள். அதே நிறுவனம் 2020-ல் ஆண்டி வார்ஹோலின் பெரிய ஓவியத்தை விற்க முயன்றபோது எதிர்ப்பு கிளம்பி, கடைசி நேரத்தில் கைவிட்டது. விற்று ஓட்டையை நிரப்புவது சில நேரம் சரிதான். மின்கட்டணத்துக்காக விற்பது சரியில்லை என்பது என் கட்சி.

10. நீங்கள் ஒன்றைக் கொடுக்க நினைத்தால்

பொருளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகாதீர்கள். தபாலிலும் அனுப்பாதீர்கள், சொல்லாமல் வந்த பொருளை வைத்துக்கொண்டு அவர்கள் திண்டாடுவார்கள். முதலில் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்புக் கொள்கையைப் படியுங்கள், பலர் இணையதளத்தில் போட்டிருப்பார்கள். பொருந்தும் என்று தோன்றினால் முன்பக்கம், பின்பக்கம், கையொப்பம், சேதம் எல்லாம் தெரிகிற படங்கள், அளவு, உங்களிடம் எப்படி வந்தது என்ற விவரத்தோடு உரிய பிரிவின் காப்பாட்சியருக்கு எழுதுங்கள். பழைய ரசீதும் கடிதமும் குடும்பப் புகைப்படமும் இருந்தால் எதையும் தூக்கியெறிய வேண்டாம். சுவரில் அந்த ஓவியம் தெரிகிற ஒரு பழைய கல்யாணப் படம், நிபுணர் கடிதத்தைவிடப் பெரிய சான்றாகலாம்.

எவ்வளவு போகும் என்று அருங்காட்சியகத்திடம் கேட்காதீர்கள். விலை மதிப்பிடுவது அவர்கள் வேலையில்லை, பெரும்பாலான இடங்களில் விதியே தடுக்கிறது. வரிச்சலுகைக்கு மதிப்பீடு வேண்டுமென்றால் தனி மதிப்பீட்டாளரை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நிபந்தனைகளை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ‘இன்னார் நினைவாக’ என்று அடையாளச் சீட்டில் போடச் சொல்வது நியாயமான கோரிக்கை, எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

உயிலில் எழுதுவதானால் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் பேசிவிடுங்கள். வேண்டாம் என்று அவர்கள் மறுக்கவும் உரிமை உண்டு, அப்போது பொருள் யாருக்குப் போக வேண்டும் என்ற இரண்டாவது வரியும் உயிலில் இருக்கட்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், ஏனென்றால் குழு வருடத்தில் சில முறைதான் கூடும். மறுத்தால் வேறு எந்த அருங்காட்சியகத்துக்குப் பொருந்தும் என்று கேளுங்கள். பெரும்பாலான காப்பாட்சியர்கள் பெயர் சொல்லி அனுப்புவார்கள்.